பலகையில் இருந்த பெயர்

அத்தியாயம் பதினான்கு

அப்பாவின் அகதி மனுவுக்கு மறுப்புக் கடிதம் வந்து மூன்று மாதமாகியும் மேரிறோஸால் அதன் ஏழாம் பந்தியைத் தாண்ட முடியவில்லை.

கார்த்திகை மாதத்து அந்த வியாழக்கிழமை காலையும், லண்டன் மோர்டன் வீட்டுக் குசினி மேசையில் தேநீர் ஆறிப்போக, அவள் அதையேதான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மனுதாரர் தமது குடும்பக் கடை என்று குறிப்பிடும் வியாபார நிலையத்தின் அனுமதிப்பத்திரம் செபமாலைமுத்து என்பவரின் பெயரில் உள்ளது. அவருக்கும் மனுதாரருக்கும் எந்த உறவும் காட்டப்படவில்லை. மனுதாரர் சீனத் தோற்றமுடையவர். அவர் மன்னார்ப் பகுதியில் வாழ்ந்தவர் என்பதை ஏற்பதற்கில்லை."

ஆங்கிலத்தில் இருந்த அந்த நாலு வரியையும் அவள் தமிழில் எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். அப்பா கேட்டுவிட்டு, "எழுத்து வடிவாய் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்த அனுமதிப்பத்திரத்தைப் பைலில் வைத்தவள் அவள்தான். நாலாம் இலக்கம்.

பதினேழு சான்றுகளையும் தேடி எடுத்து, இலக்கமிட்டு, மூன்று முறை சரிபார்த்து அனுப்பியவளும் அவள்தான். ஒன்று முதல் ஒன்பது வரை பத்திரங்கள். பத்திலிருந்து பதினேழு வரை படங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அது என்னவென்று ஆங்கிலத்தில் குறிப்பு. டூட்டிங்கில் மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு வந்த பழக்கம் அது. நாட்குறிப்பைக்கூட இலக்கம் போட்டுத்தான் எழுதுவாள். நிச்சயமில்லாத இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவாள். சில பக்கங்களில் எழுத்தைவிடக் கேள்விக்குறி அதிகம்.

இத்தனை கவனமாயிருந்தவளுக்குக் கடைப் பலகை கண்ணில் படவில்லை.

மன்னார்க் கரையில், அவர்களுடைய சிலாவத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். பலகையில் 'செபமாலைமுத்து ஸ்டோர்ஸ்' என்று இருக்கும். ஊர் சொல்வது சீனாக்கடை. பிறந்த நாளிலிருந்து அந்தப் பலகைக்குக் கீழால் போய் வந்தவளுக்கு அதில் விளக்கம் சொல்ல ஏதும் இருப்பதாகவே படவில்லை. அனுமதிப்பத்திரத்தை எடுத்தாள், பார்த்தாள், நாலு என்று போட்டாள்.

"வெளிக்கிடுவமா, பிள்ளை?"

அப்பா பெனடிக்ற் கோட்டுப் போட்டு ஆயத்தமாய் நின்றார். கையில் ஒரு பொட்டலம். டூட்டிங்கில் அவர் வேலை செய்யும் பலசரக்குக் கடையிலிருந்து வாங்கிய பனங்கட்டியைப் பழைய பேப்பரில் சுற்றி நூலால் கட்டியிருந்தார்.

"பிளாஸ்ரிக் பாக் இருக்குத்தானே, அப்பா."

"பாக்கில குடுத்தா வாங்கின சாமான் மாதிரி இருக்கும்."

"வாங்கின சாமான்தானே அது?"

"அதுக்காக?"

ஐம்பத்தேழு வயது. சின்னக் கண், தட்டையான மூக்கு, நரைத்து நேராய் நிற்கும் தலைமயிர். டூட்டிங் கடைக்கு வரும் தமிழ்ப் பெண்கள் அவரிடம் "ஹவ் மச்?" என்றுதான் கேட்பார்கள். "றாத்தல் ஒண்டரைப் பவுண், அக்கா. நேற்று வந்ததை எடாதேங்கோ, பின்னால இருக்கிறது நல்லம்" என்று அவர் சொல்ல, சிலர் கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே போட்டிருக்கிறார்கள். மோர்டனில் சீனச் சாப்பாட்டுக்கடைக்காரர் ஒருநாள் அவரை மறித்துச் சீனத்தில் பத்து நிமிடம் கதைத்தார். அப்பா தலையாட்டினார், சிரித்தார், ஒரு பை இறால் பொரியலோடு வீட்டுக்கு வந்தார். "என்ன சொன்னவர்?" என்று மேரிறோஸ் கேட்டாள். "ஆருக்குத் தெரியும்? நல்ல மனுசன்."

உள்ளறையில் கணவன் குகதாசன் நித்திரை. இரவெல்லாம் பெற்றோல் நிலையத்தில் வேலை. அவனிடம் இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருந்ததால் அவளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பாவுக்கோ எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சிலாவத்துறையில் பிறந்தார், ஞானஸ்நானம் பெற்றார், கலியாணம் செய்தார், மனைவியை அங்கேயே அடக்கம் செய்தார். ஆனால் இலங்கைக் குடியுரிமைப் பதிவில் அவர் குடும்பம் இல்லை.

அதை வைத்துத்தான் போன கிழமை சட்டத்தரணி அலுவலகத்துக் குலசேகரம் சொன்னார். "செவ்வாய்க்கிழமை அப்பீல் தோத்தா அனுப்புவாங்கள், தங்கச்சி. எங்க அனுப்புறதெண்டு அவங்களுக்கும் தெரியாது. ஆனா அனுப்புவாங்கள்."

"சீனாவுக்கோ?" என்று கேட்டார் அப்பா.

"இருக்கலாம், அண்ணை."

"அங்க எனக்கு ஆரைத் தெரியும்?"

ஒரே வழி, செபமாலைமுத்துவின் பிள்ளை யாராவது வந்து, "பெயர்தான் எங்கட அப்பாவின்ர, கடை இவரின்ர" என்று சத்தியம் பண்ணுவது. செபமாலைமுத்து இறந்துவிட்டார். மகள் லூர்தம்மா சட்டனில் இருக்கிறாள். நேற்று ரெலிபோனில், "வாங்கோ அண்ணை, அதுக்கென்ன" என்றாள்.

"மாமி கையெழுத்து வைப்பாதானே, அப்பா?" பஸ்ஸில் ஏறியதும் மேரிறோஸ் கேட்டாள்.

"லூர்து எனக்கு இல்லையெண்டு சொன்னதே இல்லை."

அவள் கொப்பியை எடுத்து அதை எழுதினாள். ஓரத்தில் கேள்விக்குறி போடப் போய், அப்பா பார்த்துக்கொண்டிருந்ததால் போடாமல் விட்டாள்.

கண்ணாடியில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா திடீரென்று சிரித்தார்.

"முதலாளி நாள் ஞாபகம் இருக்கோ உனக்கு?"

யாருக்கு மறக்கும்?

கடலட்டை வாங்க வந்த சீனர் அவளுடைய பூட்டன். முத்துக்குளிப்புக் காலத்தில் கரை முழுக்கக் குடிசையும் சனமுமாய் இருந்தபோது, அவரும் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டுக் கயிறும் அரிசியும் விளக்கெண்ணெயும் முத்துச் சல்லடையும் விற்றார். குளிப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். அவர் போகவில்லை. கரையூர்ப் பெண் ஒருத்தியைக் கட்டி, கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்து, கொட்டிலைக் கடையாக்கினார். இரண்டு தலைமுறை அப்படி ஓடியது. பிறகு சட்டம் வந்தது. பிரசையில்லாதவனுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை என்றார்கள். அப்பாவின் அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கடைப்படியில் இருந்தபோது, பக்கத்து வீட்டுச் செபமாலைமுத்து வலையைத் தோளில் போட்டபடி வந்து சொன்னாராம்: "என்ர பேரைப் போடன். அது சும்மாதானே கிடக்கு."

அன்றிலிருந்து வருசத்தில் ஒரு நாள், அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க அதிகாரி வரும் நாளில், செபமாலைமுத்து முழுகி, வெள்ளை வேட்டி கட்டி, கடைக்கு வந்து மேசைக்குப் பின்னால் இருப்பார். அப்பா கைகட்டி நிற்பார். அதிகாரி போன பிறகு ஊர்ச் சனம் வரிசையாய் வந்து, "வணக்கம் முதலாளி, சுகமா முதலாளி" என்று கும்பிடும். அவர் ஒரு சோடா குடித்து, இரண்டு பிஸ்கற் தின்று, "சரி, என்ர கடையைக் கவனமாய்ப் பாருங்கோடா" என்று எழும்புவார். "வாறம் முதலாளி" என்று எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். அவர் சிரித்துச் சிரித்து இருமுவார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு வள்ளத்துக்குப் போவார். கடை எரிந்துபோகும்வரை அப்படித்தான் நடந்தது.

"ஒரு சதம் வாங்கேல்ல மனுசன்" என்றார் அப்பா. "அவரின்ர மகள் எனக்கு இல்லையெண்டு சொல்லுமோ?"

லூர்தம்மா கதவைத் திறந்ததும் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தெட்டு வயதில் முழுத்தலையும் நரைத்திருந்தது.

"வாங்கோ அண்ணை. றோசு, என்னடி இப்பிடி மெலிஞ்சு போனாய்? அவன் சமைச்சுத் தாறேல்லையோ?"

"அவர் நைற் ஷிப்ட், மாமி. நாங்கள் கதைக்கிறதே ஃபிரிட்ஜில ஒட்டுற பேப்பரிலதான்."

"குடுத்து வைச்சனீங்கள். எங்கட ஆள் பகல் வேலை. பின்னேரம் வந்தா வாய் மூடாது."

அவள் கணவன் யோகராஜா வேலைக்குப் போயிருந்தான். பையன்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில். முன்னறையில் மடுமாதா படம், அதன் கீழே கண்ணாடி அலுமாரி.

அப்பா பொட்டலத்தை நீட்டினார். லூர்தம்மா அதை வாங்கி, பார்க்காமலே நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு ஒரே இழுவையில் அவிழ்ந்தது.

"உலகத்தில இப்பிடிக் கட்டுற ஆள் நீங்க ஒராள்தான், அண்ணை."

"அவிழ்க்கத் தெரிஞ்ச ஆளும் நீ ஒராள்தான்."

மேரிறோஸுக்கு அப்போது ஒரு நம்பிக்கை வந்தது. இந்த முடிச்சைச் செவ்வாய்க்கிழமை நீதிபதிக்கு முன்னால் அவிழ்த்துக் காட்டினாலே போதும் என்றுகூட நினைத்தாள். பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். தமிழில் இரண்டு பந்தி. கீழே கையெழுத்துக்குக் கோடு.

"நீங்கள் இதில ஒரு கையெழுத்து வைச்சாக் காணும், மாமி."

லூர்தம்மா கண்ணாடி போட்டு வாசித்தாள். இரண்டு பந்திக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு எழும்பி, "கேத்தில் கொதிக்குது" என்று குசினிக்குப் போனாள். கேத்திலில் ஒரு சத்தமும் இல்லை.

திரும்பி வந்தபோது கையில் தேநீர் இல்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"இதில உங்கட கடை எண்டு கிடக்கு."

"ஓம், மாமி."

"எங்கட அப்பாவின்ர பேர் சும்மா போட்டது எண்டு கிடக்கு."

"அதுதானே உண்மை?"

"உண்மைதான்." அவள் வந்து கதிரையின் நுனியில் இருந்தாள். "ஆனா நான் வேற சொல்லிப்போட்டன், பிள்ளை."

அப்பா தலையை நிமிர்த்தினார்.

"கடை எரிஞ்ச அடுத்த மாசம் நான் இங்க வந்திட்டன். வந்து ரெண்டு கிழமையில இன்ரர்வியூ. என்ன இழந்தனீ எண்டு கேட்டான். எங்களுக்கு வீடு போகேல்ல. வள்ளம் போகேல்ல. பயத்தில ஓடி வந்தனாங்கள் எண்டு சொன்னா அவனுக்குக் காணாது. லைசென்ஸ் நகல் ஒண்டு என்ர சூட்கேசில இருந்தது. என்ர அப்பாவின்ர கடை எரிஞ்சது எண்டு சொன்னன்."

"அவ்வளவுதானே?" என்றாள் மேரிறோஸ்.

"அவ்வளவில விட்டாங்களோ? கடைக்குள்ள என்ன எங்க இருந்தது எண்டு கேட்டாங்கள். கீறிக் காட்டச் சொன்னாங்கள். கீறினன். மண்ணெண்ணெய் பீப்பா, துணி றாக்கை, வாசல்ல மூண்டு படி, உடைஞ்ச தராசு. நான் அதுக்குள்ளதானே வளந்தனான். ஒரு இடமும் பிழைக்கேல்ல. அதாலதான் எனக்கு விசா தந்தவங்கள். தை மாசம் திருப்பிப் புதுப்பிக்கவேணும். இப்ப நான் வந்து அது எங்கட கடையில்லை எண்டா, பெடியளோட நான் எங்க போறது?"

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"கடை ஒண்டுதான், அண்ணை. அதில ரெண்டு குடும்பம் ஏறி வரேலாது."

அப்பா எழும்பினார். கோபத்தில் எழும்பியதாக மேரிறோஸ் நினைத்தாள். அவரோ கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே பித்தளைச் சல்லடைகள் ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கியபடி மினுங்கின. முத்தைப் பருமன் வாரியாய்ப் பிரிக்கும் சல்லடைகள். பூட்டன் காலத்தவை. மொத்தம் பத்து. எரிந்த சாம்பலுக்குள் கிடந்து எடுத்த பத்தில் ஒன்பதை, வெளிநாடு போகும் லூர்துவிடம் அப்பாதான் கொடுத்துவிட்டார். "இதாவது மிஞ்சட்டும்" என்று.

அவர் ஒன்றை எடுத்து விளிம்பை விரலால் தடவினார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். அதையும் தடவினார்.

"எழுத்து எங்க, லூர்து?"

ஒவ்வொரு சல்லடையின் விளிம்பிலும் மூன்று சீன எழுத்து வெட்டியிருக்கும். பூட்டனின் பெயர். வீட்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் அது பெயர் என்று தெரியும். பலகையில் ஏறாத அந்தப் பெயர் அங்கே மட்டும்தான் இருந்தது.

"யோகராஜா அரத்தால அராவினவர்" என்றாள் லூர்தம்மா, நிலத்தைப் பார்த்தபடி. "இன்ரர்வியூவுக்குக் காட்டக் கொண்டுபோனனாங்கள். உங்கட கடையில சீன எழுத்து என்னத்துக்கெண்டு கேட்டாங்களெண்டா... நான் வேண்டாமெண்டனான், அண்ணை. ஒரு கிழமை அராவினவர். எனக்குப் பல்லுக் கூசினது."

அப்பா சல்லடையை இருந்த இடத்திலேயே வைத்தார்.

லூர்தம்மா அவர் பின்னால் வந்து நின்று அவசரமாய்ப் பேசினாள். "நான் ஒண்டு செய்யலாம். நீங்க எங்கட கடையில முப்பது வருசம் நிண்டனீங்கள் எண்டு எழுதித் தாறன். கோட்டுக்கு வாறன். பைபிள்ல அடிச்சுச் சத்தியம் பண்ணுறன். உங்களைத் தெரியும், ஊரைத் தெரியும், எரிஞ்சது தெரியும். எல்லாம் உண்மை. அந்த ஒண்டைத் தவிர."

"அப்பா உங்கட வேலைக்காரனோ, மாமி?"

தன் குரல் இவ்வளவு உயரும் என்று மேரிறோஸுக்கே தெரியாது.

"கத்தாதை, றோசு. எனக்கு வேற வழியிருந்தாச் சொல்லு."

அவள் யோசித்தாள். இலக்கம் போட்டு யோசித்தாள். ஒன்றைத் தாண்டி இரண்டு வரவில்லை.

"குலசேகரத்துக்குப் போன் எடு, பிள்ளை" என்றார் அப்பா.

எடுத்தாள். குலசேகரம் முழுவதையும் கேட்டார். பெருமூச்சு விட்டார்.

"சாட்சி நல்ல சாட்சி. அந்த மனுசி வந்து இவர் ஊரவர் எண்டு சொன்னா முக்கால்வாசி முடிஞ்சுது. ஆனா தங்கச்சி, முதல் அறிக்கையில உங்கட கொப்பா எங்கட கடை எண்டு சொல்லியிருக்கிறார். இப்ப வேலைக்காரன் எண்டா, முந்திச் சொன்னது பொய் எண்டு எழுதுவாங்கள்."

"அப்ப என்ன செய்யிறது?"

"அந்த அறிக்கையைத் தமிழில இருந்து இங்கிலீசில மாத்தினது ஆர்?"

"நான்தான்."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நான் சொன்னதெண்டு இருக்கக்கூடாது" என்றார் குலசேகரம். "நீங்களா யோசிச்சதெண்டு வையுங்கோ. கொப்பா வேலை செய்த கடை எண்டுதான் சொன்னவர். நீங்கள் பிழையா மாத்திப்போட்டியள். இங்கிலீஸ் அப்ப காணாது. இப்பதான் மாலை வகுப்புக்குப் போறியள். அதில பிழை கண்டுபிடிச்சியள். அப்பிடி ஒரு சத்தியக்கடதாசி நீங்கள் தந்தியளெண்டா, கொப்பா பொய் சொன்னவரில்லை."

"நான் பிழை விடேல்ல, அண்ணை."

"தெரியும், தங்கச்சி."

அவள் ரிசீவரை வைத்தாள். அந்த மொழிபெயர்ப்பை அவள் பதினொரு நாள் எழுதினாள். அகராதியோடு இருந்து எழுதினாள். எழுதி முடித்த அன்றைய நாட்குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'அறிக்கை முடிந்தது. சரியாக இருக்கிறது.' அந்தக் கொப்பி முழுவதிலும் ஓரத்தில் கேள்விக்குறி இல்லாத பக்கம் அது ஒன்றுதான்.

"என்ன சொல்லுறார்?" என்று அப்பா கேட்டார்.

சொன்னாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கொடியில் நனைந்துகொண்டிருந்த உடுப்புகளைப் பார்த்தார்.

"உனக்கு ஏலாதெண்டா விடு."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள். இந்த ஒரு வருசத்தில் அப்பா அவளிடம் கேட்ட முதல் விசயம் இது. கேட்காமல் கேட்டார்.

"எழுதுறன்" என்றாள்.

லூர்தம்மா சாப்பாட்டு மேசையில் இருந்து, குனிந்து, தன் கையாலேயே எழுதினாள். 'எங்கள் கடையில் வேலை செய்த பெனடிக்ற் என்பவரை எனக்குச் சிறு வயது முதல் தெரியும்.' எழுதி முடித்துக் கையெழுத்து வைத்தாள். கண்ணீர் விழுந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள்.

புறப்படும்போது அப்பா வாசலில் நின்று கோட்டின் உள்பொக்கற்றுக்குள் கைவிட்டார். பழைய கைலேஞ்சித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பத்தாவது சல்லடை. எல்லாவற்றிலும் சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கும். ஊரை விட்டு மடு முகாமுக்கும், அங்கிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து இங்கேயும் மடியில் கட்டி வந்தது. இரவில் படுக்கும்போதும் தலையணைக்குக் கீழே இருந்தது.

அவர் அலுமாரியைத் திறந்து, ஒன்பதுக்கும் நடுவில் அதை வைத்தார். 'டிக்' என்று இறங்கி உட்கார்ந்தது.

"என்ன அண்ணை இது?"

"வேலைக்காரன்ர பொக்கற்றில இது இருக்கக்கூடாது. தேடினாங்களெண்டா கதை பிழைக்கும்." அவர் கைலேஞ்சியை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். "இதையும் அராவச் சொல்லு."

லூர்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்பா படியிறங்கினார். கேற்றடியில் திரும்பி, பழைய நாளில் எல்லோரும் சேர்ந்து கத்தும் அதே இழுவையில் சொன்னார்.

"வாறம், முதலாளி."

சிரிக்க அங்கே ஒருவரும் இல்லை.

மாலை வகுப்பு ஆறரைக்கு. தட்டச்சு அறையில் பதினான்கு யந்திரங்கள். பதினான்கு பேரும் தட்டும்போது தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல இருக்கும். வழக்கமாய் மேரிறோஸ் ஒரு வரி தட்டுவாள், நிறுத்துவாள், சரியா என்று பார்ப்பாள். அதனால் எப்போதும் கடைசி.

அன்று நிறுத்தவில்லை.

லூர்தம்மாவின் அறிக்கையை ஆங்கிலத்தில் தட்டினாள். அப்பாவின் புதிய அறிக்கையைத் தட்டினாள். 'நான் செபமாலைமுத்து என்பவரின் கடையில் வேலையாளாக இருந்தேன்.' பிறகு தன்னுடையதை. 'முதல் அறிக்கையை மொழிபெயர்த்தபோது என் ஆங்கில அறிவு போதாமல் இருந்தது. என் தந்தை சொன்னதை நான் பிழையாக எழுதிவிட்டேன்.' ஒரு நூற்றாண்டுக் கடை ஒரு பக்கத்தின் பாதிக்குள் கைமாறிப்போனது.

ஆசிரியை பின்னால் வந்து தோளுக்கு மேலால் பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவில்லை. எழுத்துகளை மட்டும் பார்த்தாள்.

"பார்த்தாயா மேரி? இன்றைக்கு ஒரு பிழையும் இல்லை."

மேரிறோஸ் நன்றி சொன்னாள்.

வெளியே தாழ்வாரத்தில் அப்பா கோட்டைக் கழற்றாமல் மர வாங்கில் இருந்தார். சொன்னபடி எட்டு மணிக்குக் குலசேகரம் சட்டத்தரணியோடு காரில் வந்து இறங்கினார். தாழ்வாரத்து வெளிச்சத்திலேயே, சட்டத்தரணிக்கு முன்னால் பைபிளைத் தொட்டுக் கையெழுத்துகள் வைத்தார்கள். முதலில் அப்பா. அடுத்தது அவள். பேனை நன்றாகத்தான் எழுதியது. குலசேகரம் மூன்றையும் உறையில் போட்டு ஒட்டினார்.

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்குக் கோட்டில குடுத்திடுவன். இனி ஒண்டும் மாத்தேலாது. அண்ணை, முதலாளியைப் பற்றிக் கேப்பாங்கள். யோசிச்சு வையுங்கோ."

டூட்டிங் புரோட்வேயில் ரெயில் ஏறினார்கள். பெட்டியில் ஆள் குறைவு. எதிரே இருட்டுக் கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. அதை அவரே யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி எப்பிடிப்பட்ட ஆள் எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

"உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ, அப்பா."

"நல்ல மனுசன் எண்டு சொல்லுவன். அது பொய்யில்லை. ஆனா வருசத்தில ஒரு நாள்தான் கடைக்கு வருவார் எண்டு சொன்னா நம்பமாட்டாங்கள், என்ன?"

"அதைச் சொல்லாதேங்கோ."

"ம்."

அவர் கை தன்பாட்டில் உள்பொக்கற்றைத் தொட்டது. அங்கே கைலேஞ்சி மட்டும் இருந்தது. அடுத்த ஸ்டேசன் வருமுன் கண்ணை மூடிவிட்டார்.

மேரிறோஸ் கொப்பியை எடுத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இன்று கொடுத்த மூன்றும் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. பட்டியலைப் புதிதாய் ஒன்றிலிருந்து எழுதத் தொடங்கினாள். ஞானஸ்நானப் பத்திரம். அம்மாவின் மரணச் சான்றிதழ். பங்குச் சுவாமியின் கடிதம். நாலு, அனுமதிப்பத்திரம். ஐந்து. ஆறு. ஒன்பது. பத்தாவது, மாதா கோயில் வாசலில் எடுத்த படம்.

பதினொன்று.

பேனை அந்த இலக்கத்தோடு நின்றது.

பதினோராம் படத்தை எடுத்தவன் குகதாசன். குசினி மேசையில், வெள்ளைத் துணியில், பக்கத்தில் அளவுக்கு அடிமட்டம் வைத்து, மிகக் கிட்டத்தில் எடுத்த படம். சின்னச் சல்லடை. விளிம்பில் மூன்று எழுத்தும் கறுப்பாய், தெளிவாய் விழுந்திருந்தன. அதன் பின்புறத்தில், மற்றப் படங்களைப் போலவே, அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தன் கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல்: 'எங்கள் கடையின் முத்துச் சல்லடை. இதில் வெட்டியிருப்பது கடையைத் தொடங்கிய எங்கள் பூட்டனாரின் பெயர்.'

அந்தப் படம் ஒரு வருசமாய் அவர்களுடைய பைலுக்குள் இருக்கிறது. இதுவரை யாரும் அதைத் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏழாம் பந்தியில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை யாராவது திருப்பினால், அப்பாவும் அவளும் லூர்து மாமியும் கையெழுத்து வைத்துச் சொன்ன பொய் அந்த இடத்திலேயே உடையும். திருப்பாவிட்டால், பூட்டனின் பெயர் மிஞ்சியிருக்கும் கடைசி இடமும் பைலோடு மூடிப்போகும்.

ரெயில் மோர்டனுக்குள் நுழைந்தது. அதற்கு மேல் பாதை இல்லை. அப்பாவை எழுப்பவேண்டும். அதற்குமுன் ஒரு செபம் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அவர்கள் அந்தப் படத்தைத் திருப்பவேண்டும் என்று கேட்பதா, திருப்பக்கூடாது என்று கேட்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.